ஐஸக்கும் எங்கள் பண்ணையும்

நார்வே நாட்டு நட் ஹாம்ஸனைத் தமிழுக்கு அழைத்து வந்தவர் ஒரு வலங்கைமான்காரர். க. நா. சுப்ரமண்யம் ஆங்கில வழியாக எத்தனையோ ஐரோப்பிய நாவல்களை மொழிபெயர்த்தார். ஸெல்மா லாகர்லெவின் ‘மதகுரு’வையும், லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’யையும் இன்றும் தேடிப் படிக்கிறவர்கள் உண்டு. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உறவுக்காரன் போல வந்து உட்கார்ந்தது ஹாம்ஸனின் ‘நிலவளம்’தான்.

மூலம் 1917-ல் வெளிவந்தது. 1920-ல் ஆசிரியருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்ததும் அதுவே. யுத்தத்தில் அலுத்துப் போயிருந்த ஐரோப்பாவுக்கு, பட்டணத்தை விட்டு மண்ணுக்குத் திரும்பு என்று அது சொன்னதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். கதை ரொம்ப எளிது. ஐஸக் என்பவன் ஒரு மூட்டையோடு வனாந்தரத்துக்குள் தனியாக நடந்து போகிறான். குடிசை போடுகிறான். தனக்கு ஒரு பெண் துணை வேண்டுமென்று வழிப்போக்கர்களிடம் சொல்லி அனுப்புகிறான். உதடு பிளந்த இங்கர் வந்து சேருகிறாள். காடு வயலாகிறது. மழை பொய்த்த ஆண்டில் மலைநீரை வாய்க்கால் வெட்டித் திருப்புகிறார்கள். காவிரித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

முதல் தடவை படித்தபோது ஐஸக் வரும் இடங்களிலெல்லாம் என் மனசில் நின்றது என் தாத்தாதான். குடையும் கையுமாக வரப்பில் நிற்பார். எந்த மடையில் தண்ணீர் எப்போது திரும்பும், எந்த வயல் குறுவைக்கு ஆகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மிராசுதார் என்றாலும் நிலத்தின் மேல் அவருக்கு இருந்த பிரியம் பொய்யல்ல. ஆனால் அவர் சேற்றில் இறங்கி நான் பார்த்ததில்லை. உழுததும் நட்டதும் வேறு கைகள். அந்தக் கைகளுக்கு உரியவன் எங்கள் நிலத்தில்தான் குடிசை போட்டிருந்தான். போ என்றால் போகவேண்டியவன். நான் படித்துக்கொண்டிருந்த அதே மத்தியானத்தில் அவன் களத்தில் நின்றிருப்பான். அவனை ஐஸக்காக நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதற்குச் சில வருஷங்கள் கழித்து ‘நிலவள’த்தை மறுபடி எடுத்தேன். முதல் தடவை சலிப்பாக இருக்கிறதென்று தள்ளிவிட்டுப் போன ஓர் இடம் அப்போது என்னைப் பிடித்து நிறுத்தியது. ஐஸக் திருத்திய நிலம் சட்டப்படி அவனுடையதல்ல, சர்க்கார் நிலம். கெய்ஸ்லர் என்ற அதிகாரி வந்து பார்த்து, மதிப்புப் போட்டு, அதை அவன் பேருக்கு வாங்க வழி செய்கிறார். நாவலின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஐஸக் எவ்வளவு உழைத்தும் பண்ணையாள்தான். ஹாம்ஸன் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, மண்ணின் புகழ் பாடப் போய்விடுகிறார்.

அந்தப் பாட்டு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1943-ல் தம் நோபல் பதக்கத்தை கோயபெல்ஸுக்கு அனுப்பினார். 1945-ல் ஹிட்லருக்கு இரங்கல் எழுதினார். 1952-ல் இறந்தார். தஞ்சைப் பண்ணையாளை நினைத்தபோது விலக்கக்கூடாது என்று இங்கே சட்டம் வந்ததும் அதே 1952-ல்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, என் மனசு சேர்த்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய நான் தயாரில்லை. தன்னைப் போலவே உதடு பிளந்து பிறந்த பெண் குழந்தையை இங்கர் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிற பகுதியை, மனிதர்களைப் பார்க்கத் தெரியாதவன் எழுதியிருக்க முடியாது. கலைஞன் பார்த்ததைச் சிந்தனையாளன் காணவில்லை. ஒரே உடம்பில் இருவரும் குடியிருந்தார்கள்.

க. நா. சு. ஹாம்ஸனிடமிருந்து எடுத்துக்கொண்டது நிலத்தை அல்ல. ‘பொய்த்தேவு’வின் (1946) சோமு வியாபாரியாகிறான், குடியானவன் ஆகவில்லை. ஒரு மனிதனை வெறுங்கையோடு ஆரம்பித்து, அவசரப்படாமல் கடைசிவரை கூடவே நடக்கும் அந்த நடையை எடுத்துக்கொண்டார். சரியான தேர்வு என்றுதான் சொல்வேன். தெரியாத வயலில் அவர் இறங்கவில்லை. இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புன’லில் (1975) வெண்மணியைத் தொட்டார், ஆனால் தில்லியிலிருந்து வந்த ஒருவன் மூலமாக. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ இன்னும் அருகே போயிற்று.

நாவலில் ஐஸக்கின் மூத்த மகன் எலிஸியஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. படித்தவன். பட்டணத்து ஆபீஸில் பேனா பிடித்தவன். நல்ல உடுப்போடு ஊருக்கு வருவான். வயலில் நிற்கத் தெரியாது. தகப்பன் அவனுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருப்பான். கடைசியில் அமெரிக்காவுக்குப் போகிறான், திரும்புவதில்லை. கும்பகோணம் ரயிலடியில் பெட்டியோடு ஏறின எங்களில் எத்தனை பேர் ‘நிலவள’த்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐஸக்கின் ஜாதி நாம் என்று நினைத்துக்கொண்டு போனோம்!