அகதி என்னும் அடைமொழி

ஈழப்போரைப் பற்றித் தமிழகத்தில் எழுந்த கதைகளும் திரைப்படங்களும் பெரும்பாலும் கடற்கரையோடு நின்றுவிடுகின்றன. படகு வருகிறது, தாயும் சேயும் கரையிறங்குகின்றனர், நம் கண்கள் கலங்குகின்றன. 2002 இல் வெளிவந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் முகாமில் குழந்தை பிறக்கிறது. தாய் ஈழம் திரும்புகிறாள். கதையும் முகாமை விட்டு வெளியேறிவிடுகிறது. முகாமிலேயே தங்கிவிட்டவர் அதன்பின் எப்படி வாழ்ந்தார் என்று கேட்பாரில்லை.

அக்கேள்வியை எழுப்பும் நூல் தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்'. 1990 இல் மன்னார்ப் பகுதியிலிருந்து சிறுவனாக வந்தவர் தம் அகதி வாழ்வை எழுதியது. நம் நாகர்கோவிலின் காலச்சுவடு பதிப்பகம் 2007 இல் வெளியிட்டது. சொல்லழகு தேடுவோருக்கு இது உகந்த நூலன்று. ஆனால் அதன் தலைப்பு நம்மை உறுத்துகிறது. போரின் மறுபக்கம் கடலுக்கு அப்பால் இல்லை, நம் ஊர்களில்தான் இருக்கிறது என்றே நாம் அதை வாசிக்கிறோம். கொட்டாரத்துக்கு அணித்தே பெருமாள்புரத்தில் ஒரு முகாம் உண்டு. பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை என மாவட்டத்தில் வேறு முகாம்களும் உள.

இந்நூலை ரூத்து ஆகமத்தோடு சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படும். போவாசு தம் வயலில் ரூத்து கதிர் பொறுக்க இசைகிறார். கட்டுகளிலிருந்து கதிர்களை உருவிப் போடவும் பணிக்கிறார். இது நல்ல உதவிதான். ஆயினும் வயலில் நிற்கும்வரை அவள் 'மோவாபியப் பெண்'. நான்காம் அதிகாரத்தில் நகர வாயிலில் பேச்சு நடக்கும்போதும் அந்த அடைமொழி அவளை விடவில்லை. மணம் முடிந்து அவள் வீட்டுக்குள் வரும் பதின்மூன்றாம் வசனத்தில்தான் வெறும் 'ரூத்து' ஆகிறாள். அவள் பிள்ளைக்கு ஓபேது எனப் பெயரிட்டவர்களோ அயல்வீட்டுப் பெண்கள்!

நம் பங்குகள் இன்னும் இரண்டாம் அதிகாரத்திலேயே நிற்கின்றன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அரிசியும் துணியும் முகாமுக்குச் செல்கின்றன. கொடுப்பதில் நம் மக்கள் கஞ்சர்கள் அல்லர். ஆனால் அம்மக்களில் ஒருவரை நம் பிள்ளைக்கு ஞானத்தாயாக அழைத்திருக்கிறோமா? பங்குப்பேரவையில் எத்தனை பேர்? அன்பியக் கூட்டம் முகாம் வீட்டுத் திண்ணையில் கூடியதுண்டா? மணவோலை வாசிக்கும் நாளில் "பெண் எந்த ஊர்?" என்ற கேள்விக்கு "முகாம்" என்று விடை வந்தால், எத்தனை குடும்பங்களில் பேச்சு அங்கேயே முறிகிறது? சாதி கேட்கும் நாவுக்கு முகாம் இன்னொரு சாதியாகிவிட்டது.

சட்டம் அன்றோ தடை என்பர். உண்மைதான். 1987 சூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள்; அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்து, 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. அன்று சட்டமன்றத்தில் தரப்பட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர். குடியுரிமை தில்லியின் கையில் இருக்கிறது. ஞானத்தாயைத் தெரிந்துகொள்ளவோ எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 இல், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆம் ஆண்டின் உலகப் புலம்பெயர்ந்தோர் நாள் செய்தியில் ஏற்றல், காத்தல், வளர்த்தல், ஒன்றிணைத்தல் என நான்கு வினைகளை வகுத்தார். முதலிரண்டை ஓரளவு செய்திருக்கிறோம். நான்காவதற்கு நம் வீட்டு வாசலையே திறக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் கை தயங்குகிறது.

பத்தினாதன் ஈழத்தில் பிறந்தவர். அவருக்குத் திரும்பிப் பார்க்க ஓர் ஊர் உண்டு. பெருமாள்புரத்தில் பிறந்து நம் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுக்கு இதுவே ஊர். அவர்கள் தம் வரலாற்றை எழுதும்போது நம் கோவில்களைப் பற்றியும் ஓர் அதிகாரம் இருக்கும். அதை இந்த இதழிலேயே வாசிக்க விரும்புகிறோம், சற்று அச்சத்தோடு.