ஒன்பது கண்கள் பார்த்த பாதை

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில், பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊருக்கு அருகே, இருபுறமும் மரங்கள் கவிந்த குறுகிய பாதை ஒன்று இருக்கிறது. வோல்ட்கேட் என்று பெயர். அருவி இல்லை, அரண்மனை இல்லை, மலைச்சிகரம் இல்லை. வண்டியில் போகிறவர் திரும்பியும் பார்க்காமல் கடந்துவிடக்கூடிய எளிய காட்டுப்பாதை. அந்தப் பாதையை நான்கு பருவங்களிலும் பதிவுசெய்து 36 திரைகளில் ஓடவிட்டார் ஓவியர் டேவிட் ஹாக்னி. 2010இன் கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். பிறகு 2011இன் வசந்தம். பருவத்துக்கு ஒரு சுவர், சுவருக்கு ஒன்பது திரைகள், நடுவில் நாம். ‘நான்கு பருவங்கள், வோல்ட்கேட் வனம்’ என்ற அந்தப் படைப்பு 4 நிமிடம் 21 வினாடி ஓடி, மறுபடி தொடங்குகிறது. ஒளியும் அசைவும் ஒளிப்படமும் ஒன்றில் ஒன்று கரைந்து உயிர்கொண்ட டிஜிட்டல் கலை எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சுட்டுவேன்.

திரையும் திரையும் தொடும் இடங்களில் முதலில் கண்ணை நிறுத்துங்கள். மெல்ல ஊர்ந்து செல்லும் ஒரு லேண்ட் ரோவர் வண்டியில், வரிசைக்கு மூன்றாக ஒன்பது கேமராக்களைப் பொருத்தித்தான் இது எடுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில், சற்றே வேறு நெருக்கத்தில், சற்றே வேறு வெளிச்ச அளவில் பார்க்கிறது. அதனால் ஒரு திரையில் வளைந்து வரும் கிளை, அடுத்த திரைக்குள் நுழையும்போது இம்மியளவு ஏறியோ இறங்கியோ தொடர்கிறது. இந்தத் திரையின் பச்சை, பக்கத்துத் திரையில் ஒரு சாயல் வெளிறுகிறது. மென்பொருளைக் கொண்டு தடம் தெரியாமல் இழைத்துவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் விட்டதில்தான் கைதேர்ந்த கலைஞரின் நுட்பம் முழுவதும் இருக்கிறது.

ஒரு மரத்தை நாம் ஒரே வீச்சில் பார்ப்பதில்லை அல்லவா? அடிமரத்தைத் தொட்டு மேலேறுகிறது பார்வை; ஒரு கவட்டில் சற்றுத் தங்குகிறது; சட்டென்று நுனியில் நடுங்கும் இலைக்குத் தாவுகிறது. அத்தனை துணுக்குகளையும் சேர்த்து, மனம்தான் மரம் என்று ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டும் வேலையை ஹாக்னி நமக்கே விட்டிருக்கிறார். ஒட்டாமல் நிற்கும் அந்த அழகிய விளிம்புகளில் நம் கண் தானே பாலம் போடுகிறது. போடும்போதே காட்சிக்குள் இறங்கிவிடுகிறது.

இந்த நுட்பம் ஒரே நாளில் வந்ததல்ல. 1980களின் தொடக்கத்திலேயே, போலராய்டு படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி ஒரு முகத்தையோ ஓர் அறையையோ உருவாக்கிப் பார்த்தவர் அவர். ஒற்றைக் கண்ணால், ஒரு நொடியில் பார்ப்பது போன்ற சாதாரண ஒளிப்படம் அவருக்குப் போதவில்லை. 1986 ஏப்ரலில், கலிபோர்னியாவின் பாலைவனச் சாலை ஒன்றை 700க்கும் மேற்பட்ட படங்களை ஒட்டிப் ‘பியர்பிளாசம் ஹைவே’ ஆக்கினார். அங்கே படங்கள் அசையாமல் இருந்தன, பார்க்கிறவரின் கண் அலைந்தது. வோல்ட்கேட்டில் படங்களே நடக்கத் தொடங்கிவிட்டன. கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே ஆசை இப்படிக் கனிந்திருப்பது எவ்வளவு இனிமை!

அடுத்து, அந்த நடையைப் பாருங்கள். வண்டி முன்னே போகப் போக, ஓரத்துத் திரைகளில் புல்லும் புதரும் தளும்பி வழிந்து வெளியேறுகின்றன. மேல்வரிசையில் கிளைகள் நம் தலைக்கு மேல் மிதந்து பின்னே போகின்றன. நடுத்திரை மட்டும் ஏறக்குறைய அசைவதில்லை. பாதை போய் மறையும் அந்தத் தொலைவு, எத்தனை நெருங்கினாலும், தொலைவாகவே அமைதியாக நிற்கிறது. ஒரே சுவரில் இத்தனை வேகங்கள்! ஓட்டத்துக்கு நடுவே இந்த நிச்சலனம் இருப்பதால்தான் ஓட்டம் அழகாகிறது. பாத்திரங்கள் இல்லை, கதை இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு இல்லாததால், ஒவ்வொரு இலைக்கும் நம்மிடம் நேரம் இருக்கிறது.

ஒளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. கோடையின் சுவரில் அது தழைகளுக்குள் புகுந்து, வடிகட்டப்பட்டு, அடர்பச்சையாகக் கசிகிறது. வசந்தத்தில் இளந்தளிர்களை ஊடுருவி வருவதால், இலையே விளக்கானது போலிருக்கிறது. இலையுதிர்காலத்தில் பொன்னும் துருவும் கலந்த கனிந்த மங்கல். எனக்கு மிகவும் பிரியமானது குளிர்காலச் சுவர்தான். இலையெல்லாம் உதிர்ந்து வெறும் கோடுகளாகிவிட்ட கிளைகளின் மீது வெண்பனி படிந்து கிடக்கிறது. ஒவ்வொரு சுள்ளியும் இரண்டு முறை வரையப்பட்டதாகத் தோன்றுகிறது: கறுப்பு மையில் ஒரு முறை, வெண்மையில் ஒரு முறை. கோடையில் தழைக்குப் பின்னால் மறைந்திருந்த மரத்தின் எலும்பழகு அத்தனையும் இங்கேதான் வெளிப்படுகிறது. ஓவியர் ஒருவர்தான் பனியை இப்படிக் கோடாகக் கண்டிருக்க முடியும்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வை உரிமையாக்கிய இலக்கியத்தில் வளர்ந்த நமக்கு, பருவங்கள் நான்கும் ஒரே கணத்தில் எதிரெதிரே நிற்பது தனிச்சுவை. பாதை அதே பாதை, போகும் வேகமும் அதுவே. கழுத்தைத் திருப்பினால் போதும், தளிர் பனியாகிவிடுகிறது. ஓராண்டு காத்திருந்து காணவேண்டிய மாற்றம், பக்கவாட்டில் ஒரு பார்வைத் தொலைவில் இருக்கிறது.

இந்த வனத்தை அவர் கேமராவால் மட்டும் அறிந்தவரல்லர். 2006லேயே வெட்டவெளியில் நின்று, ஆறு கித்தான்களைச் சேர்த்து வைத்து இதே வனத்தைப் பல முறை தீட்டியிருக்கிறார். 2011 வசந்தத்தில் ஐபேட் திரையில் விரல் ஓட்டி இதே பாதையை வரைந்திருக்கிறார். அத்தனை கால நேசமும் அந்த ஒன்பது கேமராக்களுக்குள் இருக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரில் என்றேனும் இது காட்சிக்கு வந்தால், முதல் சுற்றில் நடுவே நின்று நான்கு சுவர்களையும் பாருங்கள். அடுத்த சுற்றில் ஒரு சுவரின் கீழ்க்கோடித் திரை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் நகரும் புல்லை முடியும்வரை பாருங்கள். மூன்றாம் சுற்றுக்கு நான் சொல்லவே வேண்டாம், நீங்களாகவே நிற்பீர்கள்.