துணி காத்திருந்த பரண்

பழந்துணிப் போர்வை தைப்பவர்கள் தம் கைவேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு ஊசி நூலோடு நிற்பதில்லை. பூர்வீக வீட்டின் பரணுக்கு ஏறிவிடுகிறது. ஏணி சாய்த்து ஏறியது, மூட்டையை அவிழ்த்ததும் எழுந்த வசம்பு வாசனை, பாட்டி கட்டிய சேலையின் கரை எதிர்பாராமல் கையில் அகப்பட்டது என்று இனிக்க இனிக்க விரியும் அந்த நினைவுகளை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவற்றுக்குள் ஒரு தொழில் உண்மை இருக்கிறது. ஒட்டுத்துணிப் போர்வை ஒரே நாளில் சேரும் துணியால் ஆவதில்லை. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் உடுத்திக் களைந்தது ஓரிடத்தில் சேர வேண்டும். நனையாமல், செல்லரிக்காமல், வேறு கைக்குப் போகாமல் அங்கே கிடக்க வேண்டும். ஊசி தொடுவதற்கு முன்பே பாதி வேலையைப் பரண் முடித்து வைத்துவிடுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் பழந்துணிக்கு நேர்ந்த கதைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அவற்றைப் பிரித்தது தையல் திறமை என்று தோன்றவில்லை. துணிக்குக் காத்திருக்க இடமும் காலமும் வாய்த்ததா, காத்திருந்த துணியை வெட்ட மனம் வந்ததா என்ற இரண்டு கேள்விகளில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

இந்தியத் தரப்பில் முதல் சாட்சி வங்காளத்துக் காந்தா. நைந்து மெலிந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்காகப் பரப்பி, ஓட்டுத்தையலால் ஒரே துணியாக்குவார்கள். தைக்கும் நூலைக்கூடப் பழஞ்சேலையின் சிவப்பு, நீல, கறுப்புக் கரைகளிலிருந்து உருவிக்கொள்வது வழக்கம். அன்றாடம் உடுத்தும் சேலை அந்த மென்மைக்கு வர ஆண்டுகள் ஆகும்; அப்படிப்பட்ட சேலைகள் பல சேர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு காந்தாவின் வயதை முதல் தையலிலிருந்து கணக்கிடக் கூடாது, முதல் சேலையை மடித்து வைத்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882-1941) திரட்டிய காந்தாக்கள் இன்று கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், அவர் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றுள் மானதாசுந்தரி தாசி தன் தந்தைக்காகத் தைத்தது புகழ்பெற்றது. பீகாரின் சுஜனி, மராத்தியரின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி ஆகியவையும் இதே முறையில் பிறந்தவை. பழைய மராத்தி வீடுகளில் உத்தரத்துக்குக் கீழே அமைந்த பரணைப் ‘போட்மாளா’ என்பார்கள். போட் என்றால் வயிறு. வீட்டின் வயிற்றில் கிடந்த துணி போர்வையாக வெளிவந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். போர்வை தைத்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். பரண் வைத்த வீடு அவர்களுக்கு ஏது? பரணைக் கொண்டாடும் நினைவு, சொத்து உள்ளவர்களின் நினைவு அல்லவா? இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹலியாள் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் தைக்கும் கவந்தி, மாடி வீட்டில் பிறந்த கலை அல்ல. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து, நான்கு மூலையிலும் பூப்போல மடித்த துணியை வைத்து முடிப்பார்கள். மூலைப்பூ இல்லாத போர்வை உடுப்பில்லாத உடம்பு போன்றது என்பது அவர்கள் கருத்து. இத்தகைய வீடுகளில் பரணின் வேலையை மூட்டையும் கொடியும் பார்த்தன. அதைவிட முக்கியமாக, போர்வையே பரணாக இருந்தது. கிழிந்த பழைய போர்வையைப் புதியதன் உள்ளடுக்காக வைத்துத் தைப்பது இந்த மரபுகளில் பரவலான வழக்கம். அப்படித் தைத்த ஒன்றைப் பிரித்தால், அடுக்கடுக்காக ஒரு குடும்பத்தின் உடுப்பு வரலாறு கிடைக்கும். இடம் இல்லாதவர்கள், தைத்துத் தைத்தே இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். எனவே பரண் என்பதை ஒரு கட்டட உறுப்பாக மட்டும் பார்க்காமல், துணியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும் ஏற்பாடாகப் பார்த்தால் மறுப்பு தன் கூர்மையை இழந்துவிடுகிறது.

ஆனால் இந்தியா முழுவதும் ஒரே கதை என்று நினைத்தால் தமிழ்நாடு அதைக் கலைத்துவிடும். தமிழ் வீட்டில் பரணுக்கும் மச்சுக்கும் குறைவில்லை; செட்டிநாட்டு வளவுகளில் சாமான்களுக்கென்றே அறைகள் இருந்தன. இருந்தும் காந்தாவைப் போலப் பெயர் பெற்ற ஒட்டுத்துணிப் போர்வை இங்கே வேரூன்றவில்லை. படுக்கை கோரைப்பாயில் முடிந்தது. வசதி இருந்தால் இலவம்பஞ்சு மெத்தை. பழஞ்சேலை நீளம் குறையாமல், தைக்கப்படாமல் வேலை செய்தது. விட்டத்தில் கட்டினால் தூளி, உடம்பில் போர்த்தினால் போர்வை, சுருட்டினால் சும்மாடு. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியைவிடப் பழைய வேட்டித் துண்டையே முதலில் சுற்றினார்கள். இற்றுப்போனது விளக்குத் திரியாகவோ அடுப்படிக் கரித்துணியாகவோ முடிந்தது. பட்டுச்சேலைக்கு வேறு விதி: சரிகையில் வெள்ளி இருந்ததால் அதை எடைபோட்டு வாங்கிப்போக ஆள் வந்தார். மற்றத் துணிகளை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி தெருத்தெருவாக வந்தார். பரணிலிருந்து துணி இறங்கிற்று, அதே இடத்துக்குப் பாத்திரம் ஏறிற்று. அதோடு மார்கழிக் கடைசியில் போகி என்ற வருடாந்தர ஒழிப்பு வேறு. தமிழ்நாட்டுப் பரண் சேர்த்து வைக்கும் இடமாக இருந்ததைப் போலவே கணக்குத் தீர்க்கும் இடமாகவும் இருந்தது. துணியை வெட்டித் தைக்க மனம் வராதவர்கள், அதைப் பண்டமாற்றில் விடத் தயங்கவில்லை.

பாக்கு நீரிணையைத் தாண்டினால் வேறொரு நாடு. துணி விஷயத்தில் யாழ்ப்பாணம் வங்காளத்தைவிடத் தமிழ்நாட்டுக்கு நெருக்கம். தூளிக்கு அங்கே பெயர் ஏணை. கலியாணத்தில் உடுத்த கூறைச்சேலை பெட்டகத்திலோ றங்குப்பெட்டியிலோ மடிப்புக் கலையாமல் இருக்கும். அதை வெட்டிப் போர்வையாக்குவது யாருக்கும் தோன்றாத காரியம். நாற்சார் வீட்டின் நடு முற்றமும் பனைமரக் கூரையும் மழையையும் வெயிலையும் எண்ணிக் கட்டியவை. ஓடு வருவதற்கு முன் ஓலைக் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டும். அப்படி அடிக்கடி திறக்கப்படும் கூரைக்குக் கீழே துணியைத் தலைமுறைக் கணக்கில் போட்டு வைக்க முடியாது. ஆகவே அங்கே துணியின் காவல் கூரைக்கடியிலிருந்து பெட்டிக்குள் இறங்கியது. பெட்டி பரணைவிடச் சிறியது. எல்லாவற்றையும் வைக்க இயலாது, தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்து வைத்த துணிக்கு மதிப்பு கூடுகிறது, மதிப்புக் கூடியதை யாரும் துண்டாக்குவதில்லை. தமிழ்நாட்டைப் போல் போகித் தீ அங்கே பெரிய வழக்கமாக இல்லாததும் இந்தப் பேணலுக்கு ஒத்துப்போகிறது. இரு கரைத் தமிழரும் துணியை முழுசாகவே நினைவுகூர்ந்தார்கள். வங்காளியும் மராத்தியரும் துண்டுதுண்டாக நினைவுகூர்ந்தார்கள்.

இலங்கையில் ஒட்டுத்தையலே இல்லையா என்று கேட்டால், மிகப் பழமையானதும் மிகப் பொதுவானதும் கண்ணெதிரே நடமாடுகிறது: பௌத்தத் துறவியின் காவியுடையான சீவரம். மகத நாட்டு வயல்களின் வரப்பைப் பார்த்து அதுபோல் சீவரத்தை அமைக்குமாறு புத்தர் கேட்க, ஆனந்தர் வடிவமைத்தார் என்று விநய நூல் கூறுகிறது. குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணியே ஆதியில் துறவியின் உடை. இன்று புத்தம்புதுத் துணியையும் வெட்டித் துண்டாக்கி மறுபடி இணைக்கிறார்கள். வெட்டிய துணிக்குச் சந்தை மதிப்பு இல்லை, பற்றும் திருட்டும் அதை அண்டா. மூன்று மாத மழைக்கால வாசம் முடிந்தபின் நடக்கும் கட்டினப் பூசையில், மரபு முறைப்படி துணியை வெட்டித் தைத்துச் சாயமேற்றி ஒரே நாளுக்குள் முடித்தாக வேண்டும். காந்தா பல ஆண்டுக் காத்திருப்பை வேண்டுகிறது; கட்டினச் சீவரம் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. முன்னது வீட்டின் நினைவைச் சேர்த்து வைக்கத் தைப்பது, பின்னது வீட்டின் நினைவை அறுக்கத் தைப்பது. சிங்களக் கிராமத்துச் சமையலறையில் அடுப்புக்கு மேலே ‘தும’ என்ற புகைப்பரண் உண்டு. அங்கே விதையும் கொறுக்காப் புளியும் புகையேறிக் காயும். துணிக்கு அது இடமில்லை. ஒட்டுத்தையலை நன்கு அறிந்த சமூகம் அதை வீட்டுக்கு வெளியே, விகாரையில் வைத்தது.

இத்தனை சுற்று எதற்கு, குளிர் இருக்கும் ஊரில் போர்வை இருக்கும், புழுங்கும் ஊரில் இருக்காது, அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். தட்பவெப்பத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் காந்தா போர்வையோடு நின்றிருக்க வேண்டும். வங்காளத்தில் புத்தகம் சுற்றவும், கண்ணாடியும் சீப்பும் பொதியவும், தலையணைக்கு உறையிடவும் காந்தா தைத்தார்கள், கண்ணாடிக்குக் குளிராது. மறுபக்கம் இலங்கையின் நுவரெலியா போர்வை இல்லாமல் தூங்க முடியாத ஊர். அங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட மலையகத் தமிழருக்குக் கிடைத்தது கம்பளி: மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கவும் இரவில் போர்த்திக்கொள்ளவும் அதுவே. ஒட்டுத்துணி மரபு ஒன்று அங்கே ஏன் தழைக்கவில்லை என்பதற்கு லயம் என்ற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் அறையளவே பதில் சொல்லும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. உடுத்தத் துணி போதாத இடத்தில் மீந்த துணி எங்கிருந்து சேரும்? அதே தோட்டத்தின் தொழிற்சாலையில் கொழுந்து வாடுவதற்கென்று மேல்மாடிகள் முழுவதும் ஒதுக்கப்பட்டிருந்தன. இலைக்குக் காத்திருக்க மாடி இருந்தது. இலையைப் பறித்தவரின் துணிக்கு மூலைகூட இல்லை. குளிர் போர்வையைத் தேவையாக்கலாம். அதைத் தைக்கக் கொடுப்பது சேமிப்பு.

இந்த வாதத்தின் கடினமான சோதனை உள்நாட்டுப் போரின்போது இலங்கையின் வடக்கில் நடந்தது. 1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 1995 அக்டோபர் 30இல் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பியவர்கள் பலர் கண்டது ஓடும் மரமும் உருவப்பட்ட சுவர்களை. வீடு என்ற காவல் போனபின் துணி என்ன ஆகும்? கையில் தூக்க முடிந்தது பிழைத்தது. கூரைக்கடியில் விட்டுவந்தது போயிற்று. தமிழ்நாட்டில் பரண் காலியானது பண்டமாற்றாலும் விற்பனையாலும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பாத்திரமும் கதவும் கிடைப்பது அப்படித்தான். அங்கே விற்றவருக்கு ஒரு விலையாவது கிடைத்தது. வடக்கில் இழந்தவர்களுக்கு விற்கும் தெரிவுகூட இருக்கவில்லை. பரணைப் பற்றி இனிக்கப் பேசுவது ஒருவகைச் செல்வம் என்பதை இதனால் ஒப்புக்கொள்ள வேண்டும். அது பணச் செல்வமாக இருக்க வேண்டியதில்லை. விட்டுவந்த இடத்தில் வைத்த பொருள் வைத்தபடி இருக்கும் என்ற நம்பிக்கை அது.

இன்று இரு நாட்டிலும் ஒட்டுத்துணிக்குப் புதிய ஊற்று வேறு. 1978இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் தொடங்கியதிலிருந்து பெருகிய ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள் இலங்கையில் கால்மிதியாகவும் விரிப்பாகவும் தைத்து விற்கப்படுகின்றன. திருப்பூரின் பனியன் கழிவுக்கும் அதே வழி. யாரும் உடுத்தாத துணி, எங்கும் காத்திராத துணி. இதைக் குறைவாகப் பேசினால், மறுப்பவர் சரியாகவே கேட்பார்: பிழைப்புக்குத் தைப்பவளிடம் பாட்டியின் சேலைக்கரையைத் தேடுவது என்ன நியாயம்? நியாயம் இல்லைதான். கால்மிதி தைத்து அடுப்பெரிக்கும் பெண்ணுக்கு நினைவுச்சுமை தேவையில்லை, கூலி தேவை. சிக்கல் அவளிடம் இல்லை. வெட்டுத்துண்டில் தைத்ததையும் மரபுப் போர்வையின் பெயரில், யாரோ ஒரு பாட்டியின் கதையை ஒட்டி விற்கும்போதுதான் சிக்கல் வருகிறது. தையல் ஒன்றாக இருக்கலாம், காத்திருப்பு பொய்.

புதிய அடுக்ககங்களில் பரண் இல்லாமல் போகவில்லை. ‘லாஃப்ட்’ என்ற பெயரில் ஒவ்வொரு அறையிலும் கான்கிரீட் பலகையாக அது நீண்டிருக்கிறது. அதில் தொலைக்காட்சிப் பெட்டியின் காலி அட்டையும் உடைந்த மிக்ஸியும் இருக்கின்றன. இடம் வந்துவிட்டது, வைக்கும் பழக்கம் போய்விட்டது. கைவினைக்கென்று நடக்கும் பயிற்சிகள் ஊசி பிடிப்பதைக் கற்றுத்தரும். அதை ஒரு வாரத்தில் கற்கலாம். எந்தத் துணியை வைப்பது, எத்தனை ஆண்டு வைப்பது, எப்போது வெட்டுவது என்பதை வகுப்பில் கற்க முடியாது. பழைய வீட்டின் பரணைப் பற்றிப் போர்வை தைப்பவர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது அதனால்தான்: தாங்கள் தைக்கத் தொடங்கும் முன்பே தமக்காக யாரோ செய்து வைத்துவிட்டுப் போன பாதி வேலையை அவர்கள் அங்கே கண்டார்கள்.