உறங்கும் வைரஸை எண்ணுவது

திருப்பூரில் துணி ரோல் வந்திறங்கியதும் ஜி.எஸ்.எம். கட்டரால் ஒரு வட்டம் வெட்டி எடை போடுவார்கள். ரோல் முழுக்க ஒரே நூல், ஒரே பின்னல் என்பதால் அந்த வட்டத்தை நம்பலாம். எச்.ஐ.வி. உள்ளவரின் உடலில் ஒளிந்திருக்கும் வைரஸ் இருப்பை ஒரு குழாய் ரத்தத்தை வைத்து அப்படிக் கணக்கிட முடியுமா?

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுவோருக்கு 2018 முதல் நம் நாட்டில் வைரல் லோடு சோதனை வழக்கமாகிவிட்டது. ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்ததும், இனி மாத்திரை எதற்கு என்ற கேள்வி எழும். மருந்து வாங்க வரும் நாளில் ஒரு ஷிப்டு கூலியை இழப்பவருக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது ரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே. ஓய்வில் இருக்கும் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு நினைவணுக்களின் மரபிழைக்குள் தன்னைத் தைத்துக்கொண்ட வைரஸ் அதில் தெரியாது; மருந்தும் அதைத் தொடாது. 1997-இல் தனித்தனியாக மூன்று குழுக்கள் இதை நிறுவின. இந்த இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும்.

இருப்பை அளக்கும் பழைய முறை, அணுக்களைப் பிரித்து ஆய்வகத்தில் உசுப்பிவிட்டு, எதிலிருந்து வைரஸ் வளர்கிறது என்று பார்ப்பது. சுமார் பத்து லட்சம் ஓய்வணுக்களில் ஒன்றுதான் தேறும். வளர்வதை மட்டும் எண்ணுவது இதன் நேர்மை. ஆனால் நூறு மில்லிக்கு மேல் ரத்தமும் வாரக்கணக்கில் உழைப்பும் வேண்டும். தவிர, முதல் முறை விழிக்காத பழுதில்லாத வைரஸ் மறுமுறை உசுப்பினால் விழிக்கிறது. ஆகவே கிடைக்கும் எண் எப்போதும் குறைவு.

பி.சி.ஆர். மூலம் வைரஸ் டி.என்.ஏ.வை எண்ணுவது எளிது. ஆனால் அதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பழுதானவை. செக்கிங் மேஜையில் ரிஜெக்ட்டையும் நல்ல பீஸையும் சேர்த்து எண்ணி ஏற்றுமதிக் கணக்கு எழுதுவது போன்றது இது.

2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சிலிசியானோ குழு இதைத் திருத்தியது. வைரஸ் மரபிழையின் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் பார்ப்பது, இரண்டும் முழுதாக இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பது என்பது அவர்கள் முறை. கொஞ்சம் ரத்தம் போதும், வேலையும் விரைவு. இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும் அது அமெரிக்க, ஐரோப்பிய ‘பி’ வகை வைரஸின் அளவுக்கு வெட்டிய சட்டை. இந்தியாவில் பெரும்பாலும் இருப்பது ‘சி’ வகை. பார்க்கும் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும், முழுமையான வைரஸ் இல்லாததுபோல் கணக்கில் விழக்கூடும். அதைப் படித்து ‘இருப்பு குறைவு’ என்று முடிவு கட்டுவது ஆபத்து. பல வகைகளுக்கும் பொருந்தும் திருத்தங்கள் பின்னர் வந்தது ஆறுதல்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் எது எப்போது விழிக்கும் என்று அது சொல்லாது. வைரஸை எழுப்பும் சுவிட்சில் ‘பி’ வகைக்கு வழக்கமாகப் புரதம் பற்றும் இரண்டு பிடிமான இடங்கள், ‘சி’ வகைக்கு மூன்று. நான்கு உள்ளவை இந்தியாவில் பரவிவருவதை பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தின் உதயகுமார் ரங்கா குழு 2012-இல் காட்டியது. மேலும், நிணநீர்க் கணுவிலும் குடலிலும்தான் பெரும்பகுதி அணுக்கள் இருக்கின்றன. நாம் எண்ணுவதோ கைச் சிரையின் ரத்தத்தை. எண்ணிக்கையை நம்பி ஏமாந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி.யுடன் பிறந்த குழந்தை ஒன்று, மருந்து நின்ற பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேல் வைரஸ் தென்படாமல் இருந்தது. குணம் என்றே உலகம் நம்பியது. 2014-இல் வைரஸ் திரும்பியது.

இந்த அளவைகள் ஆய்வுக்கு இன்றியமையாதவை. ஒருவரின் சிகிச்சையை நிறுத்தும் தீர்ப்பைத் தரும் தகுதி இன்னும் அவற்றுக்கு இல்லை. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூரில் சோதித்து, நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அந்தத் தமிழ்நாட்டின் ஆய்வகங்கள் நம்மவர் ரத்தத்துக்கேற்ற அளவையைச் செம்மைப்படுத்த முன்வர வேண்டும். ‘கண்டறியப்படவில்லை’ என்ற அறிக்கை கையில் இருப்பவரே, இன்றிரவும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.