பிற்கால பரோக் ஜெர்மானிய இசை: பாக்கும் டெலிமானும்

பரோக் இசையின் கடைசிக் கட்டம் என்று பொதுவாக 1700-க்கும் 1750-க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் குறிப்பிடப்படுகின்றன. ஜெர்மானிய இசையைப் பொறுத்தவரை இக்கட்டத்தின் முதன்மையான பெயர்கள் யோகான் செபாஸ்டியன் பாக் (1685–1750), ஜார்ஜ் பிரெடரிக் ஹேண்டல் (1685–1759), ஜார்ஜ் பிலிப் டெலிமான் (1681–1767) ஆகியவை. இன்று இந்த வரிசையில்தான் மூவரும் அறிமுகப்படுத்தப்படுகின்றனர். ஆனால் அவர்கள் வாழ்ந்த காலத்து ஜெர்மானியர் போட்ட வரிசை வேறு.

1722 ஜூனில் லைப்சிக் நகரத்துப் புனித தோமா ஆலயத்தின் இசைப் பொறுப்பாளர் யோகான் குனாவ் இறந்தார். அவருடைய இடத்திற்கு நகர மன்றம் முதலில் விரும்பியது டெலிமானை. ஹாம்பர்க் நகரம் அவருடைய ஊதியத்தை உயர்த்தியதும் அவர் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிறிஸ்டோப் கிரவுப்னரை அவர் பணியாற்றிய டார்ம்ஸ்டாட்டின் ஆட்சியாளர் விடுவிக்க மறுத்தார். அதன் பின்னரே பாக்கிற்கு அந்த வேலை கிடைத்தது. 1723 மே மாத இறுதியில் அவர் பணியைத் தொடங்கினார்.

பொதுவாக இருந்த வடிவங்கள்

அக்கால இசை வடிவங்கள் எவையும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. சூட் எனப்படும் நடனத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளலாம். அல்மாண்டு, கூரான்ட், சரபாண்டு, ஜிக் ஆகிய நான்கு நடனங்கள் அதன் எலும்புக்கூடு. கன்செர்ட்டோ இத்தாலியிலிருந்து வந்தது. வைமார் நகரில் இருந்தபோது பாக் விவால்டியின் கன்செர்ட்டோக்களை விசைப்பலகைக் கருவிகளுக்கு மாற்றி எழுதிப் பழகினார். 1721-இல் பிராண்டன்பர்க் கோமகனுக்கு அனுப்பிய ஆறு கன்செர்ட்டோக்களில் ஐந்தாவதில் அந்தப் பழக்கத்தின் விளைவைக் கேட்கலாம். அதுவரை பின்னணியில் துணை வாசித்துக்கொண்டிருந்த ஹார்ப்சிகார்ட், முதல் பகுதியின் முடிவில் மற்றக் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு நீண்ட நேரம் தனியே வாசிக்கிறது.

ஆலய இசையில் கான்டாட்டாவே வாரந்தோறும் தேவைப்பட்ட வடிவம். குழுப்பாடல், பேச்சு நடையில் அமைந்த பகுதிகள், தனிப்பாடல்கள், இறுதியில் சபையார் அறிந்த ஒரு ஞானப்பாட்டின் மெட்டு என்று அது அமையும். இந்த மெட்டுக்குக் கோரல் என்று பெயர். பாக்கின் ஆலயக் கான்டாட்டாக்களில் சுமார் 200 எஞ்சியுள்ளன. ஆண்டுதோறும் ஞாயிறுகளுக்கும் திருநாள்களுக்குமாக ஏறத்தாழ 60 தேவைப்பட்டன என்பதை நினைவில் கொண்டால், வேலையின் வேகம் புரியும். 1727-இல் முதன்முதலாகப் பாடப்பட்டதாகக் கருதப்படும் 'மத்தேயு பேஷன்' என்னும் படைப்பில், அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசையில், ஒரே கோரல் மெட்டு ஐந்து முறை வருகிறது. பெரும்பாலும் அதற்கடியில் உள்ள சுரச்சேர்க்கை மாறுகிறது. அந்த மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் வெளியிட்ட காதல் பாட்டு ஒன்றிற்கு அமைத்தது என்பது சுவையான செய்தி. ஜெர்மானிய மிஷனரிகள் தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்ததிலிருந்து இத்தகைய ஞானப்பாட்டுகள் தமிழுக்கும் வந்தன. தமிழ் லுத்தரன் ஆலயங்களில் பெரிய வெள்ளிக்கிழமை பாடிப் பழகிய ஒருவருக்குப் பாக்கின் இந்தப் படைப்பு முழுவதும் அந்நியமாக இராது.

1737-ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டு

1737 மே மாதத்தில் யோகான் அடால்ப் ஷைபே என்னும் இளம் இசையமைப்பாளர், ஹாம்பர்க்கில் தாம் நடத்திய இதழில் பாக்கின் பெயரைக் கூறாமலேயே அவரைக் கண்டித்தார். கருவியிசையில் அவருக்கிருந்த திறமையை ஷைபே மறுக்கவில்லை. இயற்கையான அழகைக் கலைத்திறன் மூடிவிடுகிறது, இசை வீங்கியும் குழம்பியும் கிடக்கிறது, எல்லாக் குரல்களும் சம அளவில் உழைப்பதால் முதன்மைக் குரல் எதுவென்றே தெரியவில்லை என்பவை அவருடைய முறையீடுகள். 1738-இல் யோகான் ஆபிரகாம் பிர்ன்பாம் பாக்கின் சார்பில் விடை எழுதினார். ஷைபே 1729-இல் லைப்சிக்கில் ஆர்கன் வாசிக்கும் பதவிக்கு முயன்று தோற்றவர். பாக்கே தேர்வாளராக இருந்தார். இதனால் ஷைபேயின் எழுத்தைப் பழைய பகை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று, ஏனெனில் அவர் செவியில் பட்டது உண்மையானதுதான்.

அவருடைய புகார்களில் ஒன்று குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. வாசிப்பவர் தம் சுவைக்கேற்பச் சேர்க்க வேண்டிய அணிச்சுரங்களையெல்லாம் பாக் தாமே எழுதிவிடுகிறார் என்றார் ஷைபே. 1720-இல் பாக் படியெடுத்த வயலின் தனியிசைப் படைப்புகளில் முதலாவதன் தொடக்கப் பகுதியைப் பார்த்தால் இது விளங்கும். நான்கைந்து தாங்கும் சுரக்கட்டுகளுக்கு இடையே ஓடும் சிறு சுரங்கள் அனைத்தும் எழுத்தில் உள்ளன. இதனுடன் டெலிமான் 1728-இல் அச்சிட்ட 'முறைப்படியான சொனாட்டாக்க'ளை ஒப்பிட வேண்டும். அதில் மெதுவான தொடக்கப் பகுதிகள் இரண்டு வரிகளாக உள்ளன. ஒன்று வெறும் மெட்டு. மற்றொன்று அதையே அணிகளுடன் வாசித்துக் காட்டுவது. டெலிமான் கற்பவருக்கு வழியைக் காட்டி, பின் அவரை விட்டுவிடுகிறார். பாக்கிடம் அணி நீக்கப்பட்ட மெட்டு என்று ஒன்று கிடையாது. அணியே மெட்டின் தசையாகிவிட்டது. ஷைபே இதைக் குறையாகக் கேட்டார். பாக்கின் இசையைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு இதுவே அதன் பலம். இருந்தாலும், முதல் முறை கேட்பவர் திணறுவது அவருடைய செவியின் குற்றமல்ல.

டெலிமானுக்கு நேர்ந்தது

டெலிமான் எழுதியவை 3,000-க்கும் மேல். 1733-இல் வெளிவந்த அவருடைய 'விருந்திசை'த் தொகுப்பிற்கு ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து 200-க்கும் மேற்பட்டோர் முன்பணம் செலுத்தினர். லண்டனிலிருந்த ஹேண்டலும் அவர்களில் ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. 1829 மார்ச் 11 அன்று இருபது வயது மெண்டல்சோன் பெர்லினில் 'மத்தேயு பேஷ'னைச் சுருக்கி நிகழ்த்தினார். பின்னர் பாக்கின் முழுத்தொகுப்பும் வாழ்க்கை வரலாறுகளும் வந்தன. பாக்கை உயர்த்த எழுதியவர்கள் டெலிமானைத் தாழ்த்தினர். அதிகம் எழுதியவர் ஆழமாக எழுதியிருக்க முடியாது என்ற எண்ணம் பரவியது.

இந்த மதிப்பீட்டின் மேல் சந்தேகத்தை எழுப்பும் ஒரு செய்தி உண்டு. பாக்கின் படைப்புப் பட்டியலில் 141, 160 ஆகிய எண்களைப் பெற்ற கான்டாட்டாக்கள் உண்மையில் டெலிமானுடையவை. பிலிப் ஸ்பிட்டா, ஆல்பர்ட் ஸ்வைட்சர் போன்ற பாக் அறிஞர்கள் டெலிமானின் ஆலய இசையைக் குறைத்துப் பேசினர். அவர்களே பாக் பெயரில் கிடந்த டெலிமானின் இசையைப் பாராட்டவும் செய்தனர். அவர்களுடைய காதுகளில் பிழையில்லை. தலைப்பில் இருந்த பெயரைத்தான் அவர்கள் முதலில் கேட்டார்கள்.

எனினும் இருவரும் சமம் என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. பியூக் என்னும் வடிவத்தில் வேறுபாடு வெளிப்படையானது. ஒரு குரல் சொன்ன கருத்தை அடுத்தடுத்த குரல்கள் வேறு நிலைகளில் தொடங்கித் துரத்துவதே பியூக். டெலிமானின் பியூக்குகள் தெளிவானவை, வாசிக்க இனிமையானவை. கருத்து ஒரு சுற்று வந்ததும் வேறொன்றுக்கு நகர்கின்றன. பாக்கோ அதே கருத்தைத் தலைகீழாக்கியும் நீட்டியும் தன்மேலேயே அடுக்கியும் பார்க்கிறார். 24 சுருதிகளிலும் முன்னிசையும் பியூக்கும் கொண்ட அவருடைய முதல் தொகுதி 1722-இல் நிறைவுற்றது. இறுதியாகத் தொகுத்த 'பியூக் கலை' அவர் இறந்தபின் 1751-இல் அச்சாயிற்று. 1756-க்குள் சுமார் 30 படிகளே விற்றன. அவருடைய மகன் கார்ல் பிலிப் எமானுவேல் பாக் செப்புத் தகடுகளை விற்பனைக்கு அறிவித்தார்.

எமானுவேலின் ஞானத்தந்தை டெலிமான். தகடுகள் விலைக்கு வந்த ஆண்டிலும் ஹாம்பர்க்கில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். 1767-இல் டெலிமான் இறந்ததும் அந்தப் பதவிக்கு எமானுவேல் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஹாம்பர்க்கில் பொறுப்பேற்றார்.