தோப்புக்குள் ஓடும் மின்சார மாருதி 800

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் தோப்பு கேட்டைத் தாண்டி ரோட்டில் இறக்க முடியாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

1997 மாடல் மாருதி 800. பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம் உள்ள தன் தென்னந்தோப்பு ஷெட்டில் வைத்து இதை மின்சார வண்டியாக மாற்றியிருக்கிறார். வண்டித் தேர்வுக்கே மதிப்பெண் போடலாம். 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை தயாரான கார் என்பதால் எந்தக் காயலான் கடையிலும் பாகம் கிடைக்கும். எடை சுமார் 650 கிலோ. கார்புரேட்டர் காலத்து வண்டி, ஆகவே இன்ஜினைக் கழற்றினால் கோபித்துக்கொள்ள உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

ஷெட் உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டி 796 சி.சி. இன்ஜினைத் தூக்கியாயிற்று. ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் போயின. கியர்பாக்ஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. அதோடு 72 வோல்ட், 10 கிலோவாட் மோட்டாரை இணைக்க வேண்டும். வேலையின் உயிர்நாடி இங்கேதான். பழைய கிளட்ச் பிளேட்டின் நடுவில் பல் வெட்டிய வளையம் ஒன்று உண்டு. அதை மட்டும் வெட்டியெடுத்து, மோட்டார் தண்டில் ஏறும் இரும்பு ஸ்லீவோடு சேர்த்து, துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் கப்ளிங் செய்து வாங்கியிருக்கிறார். இரண்டு தண்டும் இம்மி பிசகாமல் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் முனகும், பிறகு பேரிங்கைத் தின்றுவிடும். பெல்லுக்கு வேலை செய்து கை பழகிய பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பது திருச்சிக்காரர்களுக்கு வாய்த்த வசதி.

பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள். ஒன்று 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. 24 செல் வரிசையாகச் சேர்ந்தால் 76.8 வோல்ட், ஏறக்குறைய 7.7 யூனிட். திருச்சி வெயிலை ஓரளவு தாங்கும், எளிதில் தீப்பிடிக்காத ரகம். அதற்காக அலட்சியம் கூடாது. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஸ்பேனர் பட்டால் வெல்டிங் பொறி பறக்கும். நண்பரின் ஸ்பேனர்கள் எல்லாமே நுனி மட்டும் தெரிய இன்சுலேஷன் டேப் சுற்றியவை. வீட்டில் செய்பவர்கள் பியூஸும் கான்டாக்டரும் வாங்குவதில் கஞ்சத்தனம் பார்ப்பதுண்டு, இவர் பார்க்கவில்லை.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று கான்டாக்டர் விழும் சத்தம், அவ்வளவுதான். கிளட்ச் மிதியே இல்லை; இடது கால் பழக்க தோஷத்தில் காற்றை மிதிக்கிறது. இரண்டாவது கியரில் கிளப்பி, வேகம் கூடியதும் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஒரு நொடி பொறுத்து மூன்றாவதுக்குத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் பல் கடிக்கும். மண் பாதையில் 30 கி.மீ. வேகத்துக்கு மீட்டர் 30 ஆம்பியர் சொச்சம் காட்டியது. ஷெட் மேட்டுக்கு ஏறும் சரிவில் 100-ஐத் தொட்டது. இழுவை பழைய இன்ஜினைவிட மேல் என்றே சொல்வேன். சித்திரை வீதியில் போனால் இந்தச் சத்தமில்லாத வண்டிக்கு மாடுகூட வழிவிடாது, அது வேறு கதை.

பிரேக்தான் எனக்குக் கவலையாக இருந்தது. பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை முன்பு இன்ஜின் தந்தது. இப்போது 12 வோல்ட் பம்ப் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது; இரண்டு முறை அழுத்தினால் ‘ர்ர்ர்’ என்று உறுமுகிறது. பம்பை நிறுத்திவிட்டு மிதித்துப் பார்த்தேன். வண்டி நின்றது, ஆனால் முழு பலத்தையும் கேட்டது. பம்ப் பழுதானால் எச்சரிக்க ஒரு விளக்காவது இருக்க வேண்டும். இல்லை.

பேட்டரியில் எண்பது சதவீதத்தைச் செலவழித்தால், ஊருக்குள் ஓடும் ஓட்டத்துக்கு 70 கி.மீ. கணக்கு வருகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட், தில்லைநகர், ஜங்ஷன் என்று சுற்றுகிறவருக்கு அது தாராளம். துவாக்குடி போய்த் திரும்புவதென்றால் வயிற்றில் புளி கரையும். ஏ.சி. கிடையாது. மாட்டினால் ஒரு கிலோவாட்டுக்கு மேல் தின்னும். 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஓடவே இரண்டு கிலோவாட்தான் என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே சார்ஜ் போடுகிறவர்கள் ஈ.பி. கணக்கையும் கவனிக்க வேண்டும்: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு.

இனி, அந்த கேட் விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வண்டியின் மூல வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும். மின்சாரத்துக்கு மாற்ற 2016-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையம் ஏஐஎஸ்-123 தரப்படி ஒப்புதல் தந்த கிட்டாக இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவர் பொருத்த வேண்டும், பிறகு ஆர்.சி. புக்கில் எரிபொருளை மாற்றி எழுத வேண்டும். வீட்டு ஷெட்டில் செய்த ஒற்றை வண்டிக்கு இதில் இடமே இல்லை. தரச் சோதனை வேண்டும்தான். ஆனால் தனி ஆள் கட்டிய வண்டியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துப் பார்க்க ஒரு வழியாவது வைத்திருக்கலாம்.

பணக் கணக்கும் இனிக்கவில்லை. செல், மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்தை நெருங்கிவிட்டது. 2022-ல் டியாகோ மின்சாரக் கார் 19.2 யூனிட் பேட்டரியோடு 8.49 லட்சத்தில் அறிமுகமானது, பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதத்துடன். காசு மிச்சம் பிடிக்க இந்த வேலையில் இறங்க வேண்டாம். கைவேலை ஆசைக்கும் சொந்த நிலத்துக்குள் ஓட்டவும் என்றால், தாராளமாக.

ரோட்டில்தான் ஓட்டுவேன் என்பவர்கள் ஸ்பேனரைத் தொடுமுன் கிட் விற்பவரிடம் ஒப்புதல் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் கார் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நகலோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், ஆர்.சி.யில் மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.