93 சென்டிமீட்டர் வட்டம்

அச்சன்புதூர், வடகரை, பண்பொழி வட்டாரத்தில் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தது பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தால். பையன் வளைகுடாவுக்குப் போன சில வருஷத்தில் ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போடுவார்கள். அடுத்த சில வருஷத்தில் மச்சு ஏறும். கீழே தார்சா, பட்டாசல், அடுக்களை என்று பழைய கணக்கே இருக்கும். மேலே ஏ.சி. வைத்த படுக்கையறை, வெஸ்டர்ன் டாய்லெட், மேற்கே மலை தெரியும் பால்கனி. வருஷத்தில் ஒரு மாதம் ஆள் இருக்கும் இடம் மேலே; பன்னிரண்டு மாதமும் இருக்கும் தாய் கீழே. கட்டும்போது லிஃப்டுக்கு இடம் விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்போது அம்மாவுக்கு ஐம்பது வயசு.

இப்போது எழுபத்தைந்து. பண்பொழித் திருமலைக்கோயிலுக்கு அறுநூறு சொச்சம் படியை மூச்சு வாங்காமல் ஏறிய கால், சொந்த வீட்டுப் பதினெட்டுப் படியில் நின்று நின்று ஏறுகிறது. மகன் வளைகுடாவிலிருந்து ஒரு வீடியோ அனுப்புகிறார். கண்ணாடிபோல ஒரு குழாய், அதற்குள் ஒரு பெட்டி. கயிறும் இல்லை, குழியும் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டே மேலே போகிறார். “இதைப் போட்டுருவோமா?” என் பெரியம்மை வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. விசாரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

இந்த வேக்குவம் லிஃப்டின் பிறப்பிடம் அர்ஜென்டினா. கார்லோஸ் சோர்ஸ் என்பவர் உருவாக்கியது. அமெரிக்காவில் மியாமியை மையமாகக் கொண்ட நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. இன்று சென்னையிலேயே நிபாவ் போன்ற நிறுவனங்கள் காற்றில் ஓடும் வீட்டு லிஃப்டுகளை விற்கின்றன. இது வேலை செய்யும் விதம் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாத ஒன்றல்ல. தென்காசி கோயில் ராஜகோபுர வாசலில் நுழைகிறவரைக் காற்று முதலில் எதிர்த்துத் தள்ளும், கொஞ்சம் உள்ளே போனால் பின்னாலிருந்து தள்ளும் என்று சின்ன வயசிலேயே நமக்குக் காட்டித் தந்திருக்கிறார்கள். காற்றுக்கு ஆளைத் தள்ளத் தெரியும் என்பதுதான் இங்கும் விஷயம். குழாயின் உச்சியில் உறிஞ்சு மோட்டார்கள் இருக்கின்றன. வீட்டில் தூசி உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் அண்ணன்கள் என்று வையுங்கள். பெட்டிக்கு மேலே உள்ள காற்றை அவை இழுத்து வெளியே தள்ள, கீழே இருக்கும் சாதாரணக் காற்று பெட்டியை மேலே தூக்குகிறது. இறங்க வேண்டுமென்றால் ஒரு வால்வு திறந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடும். பெட்டி தன் எடையில் இறங்கும்.

‘வேக்குவம்’ என்ற சொல்தான் கொஞ்சம் மிரட்டுகிறது. பெரியம்மை கேட்டது, “உள்ள மூச்சு முட்டாதாடே?” என்று. முட்டாது. ஆள் நிற்கும் பெட்டிக்குள் இருப்பது வெளியே உள்ள அதே காற்று. மேலே இருப்பதும் வெற்றிடம் ஒன்றும் இல்லை. 933 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய் சுமார் 6,840 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு அழுத்துகிறது என்றால், முழு வாய்க்கும் சுமார் ஏழு டன். தூக்க வேண்டியது ஆளும் பெட்டியுமாக 350 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் அது இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு அழுத்தத்தைக் குறைத்தாலே போதும், பெட்டி கிளம்பிவிடும். இதை லிஃப்ட் விற்க வந்த பையன் சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும். அவர் ‘வேக்குவம் டெக்னாலஜி’ என்றே ஐந்து தடவை சொல்லிவிட்டுப் போனார்.

இதன் உண்மையான பலம் இரண்டு. ஒன்று, குழி வேண்டாம். வழக்கமான லிஃப்டுக்கு நாலைந்து அடி ஆழத்தில் குழி தோண்டுவார்கள். வயலை ஒட்டி வீடு கட்டியிருக்கும் ஊரில், ஐப்பசி கார்த்திகையில் தரைக்குக் கீழே குழி தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மறுநாள் காலையில் அது கிணறு. இந்தக் குழாயோ போட்ட டைல்ஸ் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. மொட்டை மாடியில் தனி மோட்டார் அறையும் வேண்டாம். ஆனால் ஒன்று, குழி வேண்டாம் என்று சத்தமாகச் சொல்கிறவர்கள் ஓட்டை வேண்டும் என்பதை மெல்லச் சொல்கிறார்கள். மச்சுத் தளத்தில் குழாய் நுழையும் அளவுக்கு வட்டமாக கான்கிரீட்டை அறுக்க வேண்டும். கம்பி எங்கே ஓடுகிறது, பீம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அறுக்கக் கூடாது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கொத்தனார் மனக்கணக்கில் கட்டிய வீட்டுக்கு வரைபடம் எங்கே இருக்கிறது? லிஃப்ட் கம்பெனியின் அளவெடுப்பவர் இதற்குப் பொறுப்பு ஏற்க மாட்டார். தனியாக ஒரு சிவில் என்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பலம், கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதனிடம் இருக்கும் பதில். சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தென்னையைப் பிடித்து ஆட்டினால் ஈ.பி. லைன் போய்ப் போய் வரும். மற்ற லிஃப்டில் அதற்கென்று பேட்டரி ஏற்பாடு இருந்தால்தான் பெட்டி அடுத்த தளத்துக்கு நகரும். அந்த பேட்டரி செத்திருந்தால் ஆள் நடுவில். இதில் இறங்குவதற்கு கரண்டே தேவையில்லை. உறிஞ்சல் நின்றதும் பெட்டி மெதுவாகக் கீழே வந்து சேரும். அறுந்து விழாதா என்று கேட்டால், அறுவதற்குக் கயிறு இல்லை. சிரிஞ்சின் மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். விட்டால் அது திரும்ப உள்ளேதான் ஓடும். பெட்டி வேகமாக விழப் பார்த்தால் மேலே அழுத்தம் குறைந்து அதுவே பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் இயந்திர பிரேக்கும் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் எல்லாம் ரப்பரில் நிற்கிறது. பெட்டியின் மேல்விளிம்பும் குழாயும் உரசும் இடத்தில் இருக்கும் சீல் தேய்ந்தால் காற்று கசியும். மோட்டார் கூடுதலாக இழுக்கும். இந்தக் கதையின் பழைய பதிப்பு ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பொறியாளர் புரூனல் 1847-இல் தென் டெவன் பகுதியில் காற்றழுத்தத்தால் ரயில் ஓட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய், அதன் நெடுகிலும் ஒரு பிளவு, பிளவை மூடத் தோல் பட்டை. ரயில் ஓடத்தான் செய்தது. தோல் காய்ந்து விறைத்துக் காற்றை விட்டுக்கொண்டே இருந்தது. ஒரே வருஷத்தில், 1848 செப்டம்பரில் மூட்டை கட்டிவிட்டார்கள். கொழுப்பு தடவிய தோலை எலி தின்றது என்றுகூட ஒரு கதை உண்டு. இன்றைய சீல் அந்தத் தோல் அல்ல, குழாயிலும் நீளப் பிளவு இல்லை. ஆனாலும் இந்த லிஃப்டை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி பெட்டியின் நிறமல்ல. சீலை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அதன் விலை என்ன, அது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்த்தியா, வெளியேயா என்பதுதான்.

பராமரிப்பு என்றதும் தூரம் வந்துவிடுகிறது. கயிற்று லிஃப்டில் கோளாறு என்றால் திருநெல்வேலியிலிருந்து ஒரு மெக்கானிக் பஸ் ஏறி வந்துவிடுவார். கம்பெனி எதுவாக இருந்தாலும் ரிலே ரிலேதான், காண்டாக்டர் காண்டாக்டர்தான். இந்தக் குழாய்க்கு விற்றவரே வைத்தியர். உதிரிப் பாகம் அவரிடம் மட்டும். சென்னையில் ‘இருபத்து நாலு மணி நேர சேவை’ என்று அச்சடித்த தாளுக்கு அச்சன்புதூரில் என்ன அர்த்தம் என்று லிஃப்ட் விற்க வந்த பையனிடம் கேட்டேன். டெக்னீஷியன் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்றும் கேட்டேன். ‘கோஆர்டினேட் பண்ணிக்கலாம் சார்’ என்ற பதிலிலிருந்து ஊர்ப்பெயர் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மின் ஆய்வுத் துறையிடம் அனுமதி, லைசென்ஸ் என்ற வேலைகளை யார் முடித்துத் தருவது என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்க வேண்டும்.

கரண்ட் மிச்சம் என்று ஒரு விளம்பர வாசகம் உண்டு. இறங்கும்போது மோட்டாருக்குச் செலவு இல்லை என்பது சரி. ஏறும்போது? வினாடிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு மாடி, அதாவது 3.3 மீட்டர் ஏற 22 வினாடி. மோட்டார் 5 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு தடவைக்கு 0.03 யூனிட். அந்த 350 கிலோவைத் தூக்க இயற்பியல் கேட்பதோ 0.003 யூனிட்தான். மிச்சம், பத்தில் ஒன்பது பங்கு, சத்தமாகவும் சூடாகவும் போகிறது. எதிர் எடை இல்லாத இயந்திரம் வேறு என்ன செய்யும்? ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறினாலும் இரண்டு மாத பில்லில் சுமார் 18 யூனிட்தான். ஆகவே சிக்கனம் என்பதும் பொய், செலவு என்பதும் பூச்சாண்டி. உண்மையான தொல்லை வேறு: அந்த 22 வினாடி இழுவையை ஃபேனுக்கும் டி.வி.க்கும் வைத்த இன்வெர்ட்டர் தாங்காது. கரண்ட் இல்லாதபோது இறங்கலாம், ஏற முடியாது.

சத்தம் இருக்கிறது. மோட்டார் குழாயின் தலையிலேயே இருந்தால் ஏறும் நேரத்தில் 85 டெசிபெல்லை ஒட்டி வரும். பக்கத்தில் மிக்சி ஓடுவதுபோல. மோட்டாரைத் தனியாகப் பிரித்து மாடியில் தள்ளி வைக்கும் வசதி உண்டு, அதற்குத் தனிக் காசு. குழாயின் பாலிகார்பனேட்டைக் கண்ணாடி துடைக்கும் திரவமோ தின்னரோ போட்டுத் துடைத்தால் மங்கிப்போகும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும்தான். வேலைக்கு வரும் அக்காவிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் சமாளிக்கக்கூடிய குறைகள். சமாளிக்க முடியாதது அளவு. மியாமி நிறுவனத்தின் மூன்று அளவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: 750 மில்லிமீட்டர் விட்டம், ஒருவர், 159 கிலோ. 933, இருவர், 205 கிலோ. 1316, மூவர் அல்லது ஒரு வீல்சேர், 238 கிலோ. இடமும் காசும் பார்த்தால் நம் வீடுகளுக்குச் சிபாரிசு ஆவது நடு அளவு. அதற்கே விலை பல லட்சம். சாதாரண மடக்கு வீல்சேரின் அகலம் சுமார் 65 சென்டிமீட்டர், கால்மிதியோடு நீளம் ஒரு மீட்டருக்கு மேல். நடு அளவில் அது நுழையவே நுழையாது. அதாவது நடக்க முடிகிறவருக்கு மட்டும் உதவும் ஒரு லிஃப்டை, நாளைக்கு நடக்க முடியாமல் போய்விடுமே என்ற பயத்தைக் காட்டி விற்கிறார்கள். என் புகார் இயந்திரத்தின் மேல் அல்ல, இந்த விற்பனை முறையின் மேல். முழங்கால் வலி மட்டும் உள்ள, தானாக நிற்கக்கூடிய, இன்னும் பத்து வருஷம் அப்படியே இருக்கப்போகிற ஒருவருக்கு இது அருமையான சாதனம். பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்தால், பட்டாசல் நடுவில் நிற்கும் பளபளப்பான தூண்.

வாங்குவதானால் 1316 வாங்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் குழியாழம் குறைந்த ஹைட்ராலிக் லிஃப்டை வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மேலே இருக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டைக் கீழே கொண்டுவந்து, சுவரில் இரண்டு கைப்பிடி அடித்து, வழுக்காத தரை போட்டுவிடலாம். லிஃப்ட் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. மகன்களுக்கு இதில் திருப்தி வராது. வீடியோவில் அழகாக இருக்காது.

கொட்டேஷனில் இருந்தது 933. நான் ஒரு சாக்பீஸும் நூலும் எடுத்தேன். பெரியம்மை பேரன் நூலின் ஒரு முனையைப் பட்டாசல் தரையில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள, 46 சென்டிமீட்டர் சொச்சம் தள்ளி ஒரு வட்டம் போட்டேன். உள்சுற்று இதைவிடவும் சிறிது என்று சொல்லிவிட்டு, “உள்ள நில்லுங்க பெரியம்மை” என்றேன். வாக்கரைத் தூக்கி வைத்து வந்து நின்றாள். வாக்கரின் முன்கால் இரண்டும் கோட்டின் மேல். துபாயிலிருந்து அண்ணன் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் நிப்பேன். எனக்குக் கிறுகிறுன்னு வந்தா பிடிக்கிறவ எங்க நிப்பா?” என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் இடம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, “அதுசரி, மச்சில எனக்கு என்ன சோலி? அங்க இவன் கட்டிலும் பீரோவும்லா கிடக்கு. வத்தல் காயப்போட மொட்ட மாடிக்குத்தான் போவணும். அதுவரைக்கும் போவுமாடே இது?”

கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். நிறுத்தம் இரண்டு என்று போட்டிருந்தது.